45 மீட்டர் மாடியிலிருந்து எறிந்த பந்து: 2.16 வினாடியா, 4.16 வினாடியா?

பதினொண்ணு_ஆ_பிரிவு கேட்டது:

வணக்கம். எறிபொருள் கணக்கு ஒன்று, சராசரி வேகக் கணக்கு ஒன்று. இரண்டிலும் விடை ஒத்துவரவில்லை.

கணக்கு 1: 45 மீ உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து, கிடைத்தளத்துக்கு மேலே 30° கோணத்தில் 20 மீ/வி வேகத்தில் எறியப்படுகிறது. ஜி = 10 மீ/வி². (அ) தரையை அடைய எவ்வளவு நேரம்? (ஆ) கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்? (இ) தரையைத் தொடும்போது வேகம் என்ன? (ஈ) எறிந்ததிலிருந்து விழும்வரை சராசரி திசைவேகம் என்ன?

கொடுத்திருக்கும் விடைகள்: 4.16 வி, 72.1 மீ, 36.1 மீ/வி, 20.4 மீ/வி.

நான் போட்டது: செங்குத்துக் கூறு 20 × சைன் 30° = 10. கிடைத்தளக் கூறு 20 × காஸ் 30° = 17.32. நேரத்தை ‘நே’ என்று வைத்து 45 = 10நே + 5நே² என்று எழுதினால் நே = 2.16 வி. தூரம் 17.32 × 2.16 = 37.5 மீ. சந்தேகமாக இருந்ததால் நெடுக்கச் சூத்திரத்திலும் போட்டுப் பார்த்தேன், அதில் 34.6 மீ வருகிறது. மூன்றாவதுக்கு மட்டும் 36.1 சரியாக வந்துவிட்டது. நேரம் தப்பாக இருக்கும்போது வேகம் எப்படிச் சரியாக வரும்? நான்காவதுக்கு (20 + 36.1) ÷ 2 = 28 என்று போட்டேன்.

கணக்கு 2: ஒரு பேருந்து மொத்தத் தொலைவில் முதல் பாதியை மணிக்கு 40 கி.மீ வேகத்தில் கடக்கிறது. மீதித் தொலைவைக் கடக்க ஆகும் நேரத்தில் பாதி நேரம் 50-லும் பாதி நேரம் 70-லும் போகிறது. சராசரி வேகம்? நான் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன், 53.3. விடை 48 என்று இருக்கிறது.

எங்கே தப்பு?

---

பரவளையம்:

முதலில் ஒன்று. உங்களுடைய 37.5-ஐயும் 34.6-ஐயும் கூட்டிப் பாருங்கள். 72.1. இது தற்செயல் இல்லை. ஏன் என்று புரிந்தால் இந்த வகைக் கணக்கு மொத்தமும் புரிந்துவிடும்.

தப்பு ஒரே ஒரு குறியில்தான். 45 = 10நே + 5நே² என்று எழுதும்போது தரை கீழே இருப்பதால் 45-ஐக் கூட்டல் ஆக்கினீர்கள். ஈர்ப்பு கீழே இழுப்பதால் 5நே²-ம் கூட்டல். அதாவது கீழ்த்திசையைக் கூட்டல் என்று எடுத்துவிட்டீர்கள். அதில் தவறில்லை. ஆனால் பந்து மேலே போகிறதே, 10 மட்டும் எப்படிக் கூட்டலாக இருக்கும்? −10 ஆகியிருக்க வேண்டும். நீங்கள் எழுதிய சமன்பாடு பந்தை 30° *கீழ்நோக்கி* எறிந்த கணக்குக்கு உரியது. அந்தக் கணக்குக்கு 2.16 வி, 37.5 மீ இரண்டுமே மிகச் சரியான விடை.

சரியான வழி: தாளில் முதல் வரியாக “மேல்நோக்கி = கூட்டல்” என்று எழுதிவிடுங்கள். பிறகு மூன்று எண்களையும் குறியோடு வரிசையாக எழுதுங்கள். தொடக்கச் செங்குத்துத் திசைவேகம் +10, முடுக்கம் −10, செங்குத்து இடப்பெயர்ச்சி −45. இதற்குப் பிறகுதான் சூத்திரத்தைத் தொட வேண்டும்.

−45 = 10நே − 5நே²
நே² − 2நே − 9 = 0
நே = 1 ± √10

√10 = 3.162. ஆகவே நே = 4.16 அல்லது −2.16. எதிர்க்குறி மூலத்தை எல்லோரும் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், அதற்கும் பொருள் உண்டு. இதே பரவளையப் பாதையில் பந்து தரையிலிருந்தே கிளம்பி வந்திருந்தால், மாடியின் உயரத்தைத் தொடுவதற்கு 2.16 வி முன்னால் கிளம்பியிருக்க வேண்டும் என்பதுதான் அது.

இப்போது அந்த 72.1. பந்து மேலே போய்த் திரும்பி மறுபடி மாடியின் மட்டத்துக்கு வர 2 × 10 ÷ 10 = 2 வி. அந்த நேரத்தில் கிடையாக 17.32 × 2 = 34.6 மீ போயிருக்கும். நெடுக்கச் சூத்திரம் கொடுத்தது இதைத்தான். அந்தச் சூத்திரத்துக்கு எறிந்த மட்டமும் விழுந்த மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், கீழே இருக்கும் தரையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மாடி மட்டத்தைக் கடக்கும் அந்த நொடியில் பந்து அதே 20 மீ/வி வேகத்தில் 30° கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு நடப்பது நீங்கள் போட்ட கணக்கு: இன்னும் 2.16 வி, இன்னும் 37.5 மீ. கூட்டினால் 4.16 வி, 72.1 மீ. பாதையின் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகச் சரியாகப் போட்டுவிட்டு, ஒட்ட மட்டும் விட்டுவிட்டீர்கள்.

வேகம் சரியாக வந்ததற்கும் இதுவே காரணம். மேலே எறிந்தாலும் கீழே எறிந்தாலும், அதே உயரம், அதே தொடக்க வேகம் என்றால் தரையில் வேகம் ஒன்றுதான். ஆற்றல் வழியில் ஒரே வரி: 20² + 2 × 10 × 45 = 1300, √1300 = 36.06. கோணமே இதில் வரவில்லை பாருங்கள். அதனால் (இ)-க்கு விடை சரியாக வந்தது, குறி சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

---

சுளுவுக்கணக்கு:

பரவளையம் சொன்னது சரி. ஆனால் இருபடிச் சமன்பாடு இல்லாமலே (அ)-வை முடிக்கலாம். நீட், ஜேஇஇ இரண்டிலும் கால்குலேட்டர் கிடையாது என்பதால் இந்த வழி கைவசம் இருக்கட்டும்.

மேலே போகும் நேரம் 10 ÷ 10 = 1 வி. அதில் ஏறும் உயரம் 10² ÷ 20 = 5 மீ. ஆகவே உச்சி தரையிலிருந்து 50 மீ. உச்சியில் செங்குத்து வேகம் சுழி, அங்கிருந்து சும்மா விழுகிறது: √(2 × 50 ÷ 10) = √10 = 3.16 வி. மொத்தம் 4.16. குறியில் தடுக்கி விழ இடமே இல்லை.

கால்குலேட்டரில் போடுபவர்களுக்கு: சைன் 30 என்று அடித்து −0.988 வந்தால் கருவி ரேடியனில் நிற்கிறது. மேலே எறிந்த பந்துக்குச் செங்குத்துக் கூறு எதிர்க்குறியில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இன்னொன்று, ஜி = 9.8 என்று போட்டால் நேரம் 4.22 வி, தூரம் 73.1 மீ. விடை ஒரு மீட்டர் தள்ளி வந்தால் முறையைச் சந்தேகப்படுவதற்கு முன் கேள்வியில் ஜி எவ்வளவு என்று பாருங்கள்.

---

பதினொண்ணு_ஆ_பிரிவு:

நன்றி அண்ணா, (அ), (ஆ), (இ) புரிந்தது. (ஈ) இன்னும் புரியவில்லை. முடுக்கம் மாறாமல் இருந்தால் சராசரி = (தொடக்கம் + இறுதி) ÷ 2 என்றுதானே இருக்கிறது? இங்கே முடுக்கம் மாறவில்லையே.

---

கூறுபிரி:

விதி சரி. நீங்கள் அதில் போட்ட எண்கள்தான் தப்பு. அந்த விதி *திசைவேகத்துக்கு*, அதாவது வெக்டருக்கு. 20-ம் 36.06-ம் வேகங்கள், அளவுகள் மட்டும். ஒன்று மேலே சாய்ந்திருக்கிறது, மற்றது கீழே சாய்ந்திருக்கிறது. திசையைக் கழற்றிவிட்டு அளவை மட்டும் கூட்டிப் பாதியாக்கினால் அது எதற்கும் சராசரி இல்லை.

கூறுகளாகப் பிரித்து அதே விதியைப் போடுங்கள்.

கிடை: (17.32 + 17.32) ÷ 2 = 17.32
செங்குத்து: தரையைத் தொடும்போது 10 − 41.62 = −31.62. சராசரி (10 − 31.62) ÷ 2 = −10.81

அளவு: √(17.32² + 10.81²) = √(300 + 116.9) = 20.4 மீ/வி.

சரிபார்க்க நேர்வழி: இடப்பெயர்ச்சி √(72.1² + 45²) = 85.0 மீ. அதை 4.16-ஆல் வகுத்தால் 20.4. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் எங்கோ குறி புரண்டிருக்கிறது.

இங்கேயே இன்னொரு குழி. கேள்வியில் “சராசரி திசைவேகம்” என்பதற்குப் பதில் “சராசரி வேகம்” என்று இருந்தால் விடை 20.4 ஆகாது. அதற்குப் பந்து கடந்த வளைபாதையின் நீளம் வேண்டும். தொகையீடு போட்டால் 95.7 மீ வரும், 4.16-ஆல் வகுத்தால் 23.0 மீ/வி. பள்ளித் தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள். ஆனால் வரிசையை மனதில் வையுங்கள்: 20.4, 23.0, உங்கள் 28. சராசரி வேகம் ஒருபோதும் சராசரி திசைவேகத்தின் அளவைவிடக் குறையாது, ஏனென்றால் பாதை நேர்கோட்டைவிடக் குட்டையாக இருக்க முடியாது.

28 ஏன் அதிகம் என்று எண்ணே போடாமல் சொல்லலாம். 4.16 வினாடியில் முதல் 2 வினாடி முழுக்கப் பந்து மாடி மட்டத்துக்கு மேலே இருக்கிறது. அந்த நேரமெல்லாம் வேகம் 20-க்குக் கீழே, உச்சியில் 17.32. ஏறக்குறைய பாதி நேரம் 20-ஐக்கூடத் தொடாத பொருளுக்குச் சராசரி 28 வருமா?

நேர்மேலே எறியும் கணக்கில் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். 20 மீ/வி-யில் நேர்மேலே எறிந்தால் 2 வி ஏறி, 2 வி இறங்கி, கைக்கே வருகிறது. கடந்தது 40 மீ, சராசரி வேகம் 10 மீ/வி. இடப்பெயர்ச்சி சுழி, சராசரி திசைவேகமும் சுழி.

---

வடமராட்சி_இயற்பியல்:

இலங்கையிலிருந்து வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே எழுதியிருக்கிற சொற்கள் தமிழ்நாட்டு வழக்கு. அவர்கள் “வேகம்” என்பதை நாங்கள் “கதி” என்கிறோம். அவர்களின் “திசைவேகம்”தான் எங்களுக்கு “வேகம்”. முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல், எறிபொருள் எறியம், செங்குத்து நிலைக்குத்து, வினாடி செக்கன்.

மற்றச் சொற்கள் மாறினால் பிழை வராது. “வேகம்” மாறினால் விடையே மாறும். ஒரு பேருந்து 40-இல் போய் அதே பாதையில் 60-இல் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது, “சராசரி வேகம் என்ன?” என்று கேட்டால் தமிழ்நாட்டு மாணவர் 48 என்று எழுதுவார், அது சரி. இங்கே அதே கேள்விக்கு விடை பூச்சியம், 48 என்பது சராசரிக் கதி. இணையத்தில் தமிழில் கணக்குத் தேடிப் படிக்கிறவர்கள் முதலில் அந்தப் பக்கம் எந்த வழக்கில் எழுதப்பட்டது என்று பாருங்கோ. “ஆர்முடுகல்” என்ற சொல் கண்ணில் பட்டால் எங்கட வழக்கு.

---

சுளுவுக்கணக்கு:

கணக்கு 2-ஐ யாரும் தொடவில்லையே. 

சராசரி வேகம் என்றால் மொத்தத் தொலைவு ÷ மொத்த நேரம். வேறு பொருளே கிடையாது. வேகங்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது ஒரே ஒரு சூழலில்தான் செல்லும்: ஒவ்வொரு வேகத்திலும் *ஒரே அளவு நேரம்* ஓடியிருந்தால். ஒரே அளவு *தொலைவு* ஓடியிருந்தால் செல்லாது, ஏனென்றால் மெதுவாகப் போகும் பகுதியில் அதிக நேரம் கழிகிறது, சராசரியை அது தன் பக்கம் இழுக்கும்.

உங்கள் கணக்கில் இரண்டு வகையும் கலந்திருக்கிறது, அதுதான் தந்திரம். உள்ளிருந்து வெளியே வாருங்கள். இரண்டாம் பாதியில் நேரம் சமம், எனவே (50 + 70) ÷ 2 = 60. இப்போது கணக்கு சுருங்கிவிட்டது: முதல் பாதித் தொலைவு 40-ல், மறுபாதி 60-ல். தொலைவு சமம். ஒவ்வொரு பாதியும் 120 கி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள் (40, 60 இரண்டாலும் வகுபடும் எண், வேறு காரணம் இல்லை). 3 மணி, 2 மணி. 240 ÷ 5 = 48.

சூத்திரமாக வேண்டுமென்றால் 2 × 40 × 60 ÷ (40 + 60). ஆனால் இது இரண்டு சம தொலைவுக்கு மட்டும். மூன்று சம துண்டுகள் வந்தால் இதை நீட்டிப் போடத் தெரியாமல் தடுமாறுவதைவிட, ஒரு தொலைவை வைத்து நேரத்தைக் கூட்டுவதே மேல். 20, 30, 60 என்று மூன்று சம துண்டுகள்: ஒவ்வொன்றும் 60 கி.மீ, நேரம் 3 + 2 + 1 = 6 மணி, 180 ÷ 6 = 30. கூட்டி வகுத்தால் 36.7 வந்திருக்கும்.

வழக்கமான குழிகள் இரண்டு. பேருந்து நடுவில் 1 மணி நேரம் நின்றது என்று கொடுத்தால் அந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும்: 240 ÷ 6 = 40. மற்றது: போகும்போது 40, மொத்தச் சராசரி 80 வேண்டுமென்றால் திரும்பும்போது எவ்வளவு? 120 என்று எழுதிவிடுவார்கள். முடியவே முடியாது. 240 கி.மீ-க்குச் சராசரி 80 என்றால் மொத்தம் 3 மணி. அந்த 3 மணியும் போகும்போதே தீர்ந்துவிட்டது.

---

பரவளையம்:

முதல் கணக்கில் ஒரு வால். “அதிக தூரம் போக 45°-ல் எறிய வேண்டும்” என்பதை எல்லா இடத்திலும் போடாதீர்கள். அதுவும் ஒரே மட்டத்துக்கு உரியது. இதே மாடியிலிருந்து 45°-ல் எறிந்தால் நேரம் 4.73 வி, தூரம் 66.9 மீ. 30°-ல் போனதைவிட 5 மீட்டர் குறைவு. நேரம் கூடுகிறது, ஆனால் கிடை வேகம் 17.32-லிருந்து 14.14-க்குக் குறைந்துவிடுகிறது, கூடிய நேரத்தால் அதை ஈடுகட்ட முடியவில்லை. உயரத்திலிருந்து எறியும்போது உகந்த கோணத்தின் டேன் = தொடக்க வேகம் ÷ தரையைத் தொடும் வேகம். இங்கே 20 ÷ 36.06, கோணம் 29°. கணக்கில் 30° கொடுத்தவர் கிட்டத்தட்ட உச்ச நெடுக்கத்தையே கொடுத்துவிட்டார்.

குண்டு எறிதலிலும் குண்டு தோளுக்கு மேலிருந்து கிளம்பித் தரையில் விழுவதால் உகந்த கோணம் 45°-க்குக் கீழேதான். ஈட்டியை மட்டும் இந்தச் சூத்திரங்களில் போட்டுப் பார்க்காதீர்கள், அதைக் காற்று தாங்கும்.

பழக்கத்துக்கு ஒன்று: அதே மாடி, அதே 20 மீ/வி, கோணம் மட்டும் 60°. நான்கு விடையும் போடுங்கள். √3-ஐ எண்ணாக மாற்றாமல் வைத்தால் அழகாக வரும்.

---

பதினொண்ணு_ஆ_பிரிவு:

போட்டேன். மேல்நோக்கி = கூட்டல். செங்குத்துக் கூறு 10√3, கிடைக் கூறு 10. ஏறும் நேரம் √3 வி, ஏறும் உயரம் 300 ÷ 20 = 15 மீ, உச்சி 60 மீ. இறங்க √12 = 2√3 வி. மொத்தம் 3√3 = 5.20 வி. தூரம் 30√3 = 52.0 மீ. தரையில் செங்குத்துக் கூறு 10√3 − 30√3 = −20√3, வேகம் √(100 + 1200) = 36.06, மறுபடி அதே எண். சராசரி திசைவேகம்: கிடை 10, செங்குத்து −5√3, ஆகவே √(100 + 75) = 13.2 மீ/வி.

சரியா?

---

கூறுபிரி:

எண்கள் எல்லாம் சரி. நேர்வழியிலும் −45 ÷ 3√3 = −5√3 வருகிறது. ஒரு குறை: திசைவேகம் கேட்டால் திசையும் எழுத வேண்டும். 5√3 ÷ 10 = 0.866, டேன் தலைகீழ் எடுத்தால் 40.9°. “13.2 மீ/வி, கிடைத்தளத்துக்குக் கீழே 40.9°” என்று எழுதுங்கள். முதல் கணக்கின் 20.4-க்கும் இதே போல 32.0° சேர்த்துக்கொள்ளுங்கள்.